கசகசாவும் ரயில் ஓட்டுநரும்

1987 ஜனவரி 4. அமெரிக்காவின் மேரிலாந்தில், சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு நிறுவன எஞ்சின்கள் ஆம்ட்ராக் பயணிகள் ரயிலின் பாதையில் போய் நின்றன. 16 பேர் பலி. எஞ்சின் ஓட்டுநர் கஞ்சா புகைத்திருந்தார். விமானி, லாரி டிரைவர், ரயில் ஓட்டுநர் எல்லாருக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிய 1991 சட்டத்துக்கு இந்த விபத்தும் ஒரு காரணம். (மத்திய அரசு ஊழியர்களுக்கு ரீகன் 1986-லேயே உத்தரவு போட்டுவிட்டார்.)

45 மில்லி சிறுநீர் வாங்கி, 30, 15 என இரண்டு பாட்டிலில் பிரிப்பார்கள். முதல் பாட்டில் பாசிட்டிவ் என்றால், 72 மணி நேரத்துக்குள் இரண்டாவதை வேறு லேபில் பார்க்கச் சொல்லி ஊழியர் கேட்கலாம். நம்ம பாஷைல சொன்னா, பேக்கப்!

நாம குருமாவுக்கு அரைக்கிற கசகசா ஓபியம் செடியின் விதைதான். அதைத் தின்றாலும் சிறுநீரில் மார்ஃபின் தெரியும். அப்பாவிகள் மாட்டியதால், மில்லிக்கு 300 நானோகிராம் என்றிருந்த வரம்பை 1998-ல் 2,000 ஆக்கினார்கள். அதைத் தாண்டினாலும் 15,000-க்குக் கீழே என்றால், தவறான பயன்பாட்டுக்கு வேறு மருத்துவ அறிகுறி இருக்கான்னு டாக்டர் பார்க்கணும். அதற்கு மேலே போனால் கசகசா கதை எடுபடாது.

கஞ்சாவுக்கு இந்தக் கருணை கிடையாது. தினமும் புகைப்பவர் உடலில் அதன் கழிவு வாரக்கணக்கில் தங்கும். கஞ்சா சட்டபூர்வமான கொலராடோவில், லீவு நாளில் புகைத்திருந்தாலும் பாசிட்டிவ்தான். வண்டி ஓட்டும்போது போதையில் இருந்தாரா? சிறுநீர் அதைச் சொல்லாது. எனக்கு இடிக்கிறது இங்கேதான். சமீபத்திய பயன்பாட்டை மட்டும் காட்டும் எச்சில் சோதனையை 2023-ல் விதியில் சேர்த்தார்கள். கூடவே, அங்கீகாரம் பெற்ற இரண்டு லேப்கள் வந்த பிறகுதான் அதைத் தொடங்கலாம் என்றும் எழுதிவிட்டார்கள்.