மென்படலமும் கண்ணாடி நிலையும்

இரப்பர்ப் பந்தைத் தரையில் எறிந்தால் அது துள்ளி எழும். அதே பந்தைத் திரவ நைட்ரஜனில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து எறிந்தால், கண்ணாடிக் குப்பிபோல் நொறுங்கிவிடும். பந்தின் பொருள் மாறவில்லை. அதன் வெப்பநிலை ஒன்றே மாறியது. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கோ சாதாரண வெப்பநிலையில் விறைப்பாக இருக்கும். ஏறத்தாழ 100 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறியதும் இளகத் தொடங்கும். விறைத்த நிலைக்கும் இளகிய நிலைக்கும் இடையே நிகழும் இம்மாற்றத்தைக் 'கண்ணாடி நிலைமாற்றம்' என்பர்.

பனிக்கட்டி உருகுதல் வேறு, இது வேறு. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. உருகும்போது அவ்வணி குலைகிறது. இரப்பரும் பாலிஸ்டைரீனும் பாலிமர் வகையைச் சேர்ந்தவை. சிறு கூறுகள் பல சங்கிலிபோல் கோத்து அமைந்த நீண்ட மூலக்கூறுகளே பாலிமர்கள். சாதாரணப் பாலிஸ்டைரீனில் இச்சங்கிலிகள், சிக்குண்ட நூலைப்போல் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கின்றன. வெப்பம் மிகுந்திருக்கும்போது சங்கிலியின் பகுதிகள் இடம்பெயர்ந்து அசைகின்றன. வெப்பம் குறையக் குறைய அவ்வசைவு தளர்ந்து, ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அப்பொழுது பொருள் கண்ணாடிபோல் விறைக்கிறது.

இம்மாற்றம் நிகழும் வெப்பநிலை அந்தந்தப் பொருளுக்கு உரிய பண்பு என்று நூல்கள் கூறும். பாலிஸ்டைரீன் பெருங்கட்டியாயினும் சிறு துண்டாயினும் ஒரே வெப்பநிலையில்தான் இளகும் அன்றோ? ஆனால், அது நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறே ஒரு நானோமீட்டர் ஆகும்.

இவ்வினாவை 1994-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களாகிய கெடி, ஜோன்ஸ், கோரி ஆகிய மூவர் ஆராய்ந்தனர். அவர்கள் சிலிக்கன் தகட்டின்மேல் பாலிஸ்டைரீனை மெல்லிய படலங்களாகப் பூசினர். படலத்தில் பட்டு மீளும் ஒளியைக்கொண்டு அதன் தடிப்பை அளந்தனர். சூடேற்றும்போது படலம் விரியும். இளகியபின் முன்னினும் மிகுதியாக விரியும். விரிவின் அளவு மாறும் இடமே நிலைமாற்ற வெப்பநிலை. தடித்த படலங்கள் வழக்கமான வெப்பநிலையிலேயே இளகின. ஆனால், தடிப்பு ஏறத்தாழ 40 நானோமீட்டருக்குக் கீழே குறைந்தபோது, இளகும் வெப்பநிலையும் தாழ்ந்தது. 10 நானோமீட்டர்ப் படலத்தில் அது 20 டிகிரிக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தது.

இதன் காரணத்தை ஓர் உவமையால் உணரலாம். திருவிழாக் கூட்டத்தின் நடுவில் நிற்பவன், சுற்றியுள்ளோர் வழிவிட்டாலன்றி நகர இயலாது. ஓரத்தில் நிற்பவனோ எளிதில் நகர்வான். அவ்வாறே, காற்றை ஒட்டிய மேற்பரப்பிலுள்ள சங்கிலிகளுக்கு நெருக்கும் அண்டையர் குறைவு. பெருங்கட்டியில் மேற்பரப்பு மிகச் சிறு பங்கே. மென்படலத்திலோ அதன் பங்கு பெரிது; ஆதலின் படலம் முழுவதும் எளிதில் இளகுகிறது. அமெரிக்காவில் எல்லிசன், டார்க்கெல்சன் என்போர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விளக்கத்துக்கு வலுவூட்டியது. அவர்கள் ஒளிரும் மூலக்கூறுகளைப் படலத்தின் ஓர் அடுக்கில் மட்டும் சேர்த்து, மேலடுக்கு உள்ளடுக்கினும் தாழ்ந்த வெப்பநிலையில் இளகுவதைக் கண்டனர்.

கீழேயுள்ள பொருளும் தன் பங்கைச் செய்கிறது. பாலிமீதைல் மெத்தாக்ரைலேட் என்னும் பாலிமரைப் பொன்னின்மேல் பூசியபோது, படலம் மெலிய மெலிய இளகும் வெப்பநிலை தாழ்ந்தது. ஆக்சைடு படர்ந்த சிலிக்கன்மேல் பூசியபோது சற்றே உயர்ந்தது! ஆக்சைடுப் பரப்பு ஹைட்ரஜன் பிணைப்புக்களால் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு, அவற்றின் அசைவைத் தடுப்பதே இதற்குக் காரணம் என்று விளக்குவர்.

இஃது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. கணிப்பொறிச் சில்லுகளைச் செய்வோர், முதலில் பாலிமர்ப் படலத்தில் நுண்ணிய கோடுகளை உருவாக்குகின்றனர். திரவத்தால் கழுவி உலர்த்தும்போது, திரவத்தின் பரப்பு இழுவிசை அக்கோடுகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. விறைப்புக் குன்றிய கோடுகள் சாய்ந்துவிடும், சில்லும் பழுதாகும். பெருங்கட்டிக்கு உரிய அளவை மட்டும் நம்பி இந்நுண்தொழிலைச் செய்தல் இயலாது.

கண்ணாடி நிலையின் இயல்பு முழுதும் விளங்கிவிடவில்லை. நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன், 1995-இல், திண்பொருள் இயலில் தீராத ஆழ்ந்த புதிர்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிட்டார். எனினும், ஓர் உண்மை தெளிவாகிவிட்டது. நானோ அளவில் ஒரு பொருளின் பண்பைக் கூற அதன் பெயர் மட்டும் போதாது. அதன் அளவையும், அஃது எதனை அடுத்து இருக்கிறது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.