சூரியத்தடுப்புப் பூச்சுகளின் உட்பொருள்கள்: மாநிறத் தோலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சூரியத்தடுப்புப் பூச்சுகளைக் ‘கனிம வகை’, ‘வேதி வகை’ என இரண்டாகப் பிரித்து, முன்னது பாதுகாப்பானது, பின்னது தீங்கானது எனக் கொள்வது இன்று பரவலான வழக்கமாக உள்ளது. எஸ்.பி.எஃப். எண் உயர்ந்தால் பாதுகாப்பும் அதே அளவில் உயரும் என்பது அதனோடு ஒட்டிய மற்றொரு நம்பிக்கை. இவ்விரண்டும் உட்பொருள்களை ஒப்பிடுவதற்குப் போதிய அளவுகோல்கள் ஆகா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உட்பொருள் தடுக்கும் அலைநீளம், ஒளியில் அதன் நிலைத்தன்மை, உடலுக்குள் உறிஞ்சப்படும் அளவு, பயன்படுத்துவோரின் தோல் நிறம் ஆகிய நான்கையும் கொண்டு ஒப்பிடுவதே பொருத்தம் என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: புற ஊதாக் கதிர், எஸ்.பி.எஃப்., துத்தநாக ஆக்சைடு, அவோபென்சோன், இரும்பு ஆக்சைடு, மங்கு.

முன்னுரை

நிலத்தை வந்தடையும் சூரிய ஒளியில் தோலைப் பாதிப்பவை மூன்று பகுதிகள். ஏறத்தாழ 290 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா பி கதிர்கள் தோலைச் சிவக்கச் செய்து எரிகாயத்தை உண்டாக்குகின்றன. 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா ஏ கதிர்கள் தோலின் ஆழம் வரை சென்று கருமையையும் முதுமைச் சுருக்கத்தையும் தோற்றுவிக்கின்றன. 400க்கு மேற்பட்ட கண்ணுறு ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலில் நிறமாற்றத்தை விளைவிக்கிறது. ஓர் உட்பொருள் இம்மூன்றில் எதனை, எவ்வளவு நேரம் தடுக்கிறது என்பதே ஒப்பீட்டின் முதல் வினாவாகும்.

எஸ்.பி.எஃப். எண் அளப்பது எது?

எஸ்.பி.எஃப். என்பது தோல் சிவப்பதை அடிப்படையாகக் கொண்ட அளவாகும். பூசாத தோல் சிவக்கத் தேவையான கதிரளவைப்போல் எத்தனை மடங்கு கதிர் பட்டால் பூசிய தோல் சிவக்கிறது என்பதையே அது சொல்கிறது. எனவே எஸ்.பி.எஃப். 15 உள்ள பூச்சு சிவக்கச் செய்யும் கதிரில் ஏறத்தாழ 93 விழுக்காட்டையும், 30 உள்ளது 97 விழுக்காட்டையும், 50 உள்ளது 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. எண் 30இலிருந்து 50ஆக உயரும்போது கூடுவது ஒரு விழுக்காடு அளவே.

இவ்வெண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிப் பெறப்படுவது. அன்றாடப் பழக்கத்தில் பலரும் பூசுவது அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே உறையில் அச்சிட்ட எண் தோலில் கிடைப்பதில்லை. மேலும், அமெரிக்க விதிப்படி இச்சோதனை ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைப்பாட்டின் முதல் மூன்று வகைகளான வெளிர் நிறத் தோலினரிடமே நடத்தப்படுகிறது. தமிழர் பெரும்பாலும் நான்காம் வகை முதல் ஆறாம் வகை வரையில் அடங்குவர். எளிதில் சிவக்காத இத்தோலுக்கு எரிகாயத்தைவிட மங்கும் கருந்திட்டுகளுமே பெருஞ்சிக்கல்கள். அவற்றுக்குக் காரணமான புற ஊதா ஏ கதிரையும் கண்ணுறு ஒளியையும் எஸ்.பி.எஃப். எண் நேரடியாக அளப்பதில்லை.

புற ஊதா ஏ பாதுகாப்பிற்கெனத் தனிக் குறியீடுகள் உண்டு. ஜப்பானில் தோன்றிய பி.ஏ. குறியீட்டில் நான்கு கூட்டல் குறிகள், அப்பாதுகாப்பு 16 மடங்கோ அதற்கு மேலோ இருப்பதைக் குறிக்கும். புற ஊதா ஏ பாதுகாப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என 2006இல் ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்தது.

கனிமமும் வேதிப்பொருளும்

துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கண்ணாடிபோல் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன, ஏனையவை அதனை உறிஞ்சுகின்றன என்பது பொதுவான விளக்கம். இவ்விளக்கம் சரியன்று. 2016இல் வெளியான ஓர் அளவீட்டாய்வு, இவ்விரு கனிமங்களும் புற ஊதாக் கதிரில் சராசரியாக 4 முதல் 5 விழுக்காட்டை மட்டுமே சிதறடித்துத் திருப்புகின்றன என்றும், பெரும்பகுதியை உறிஞ்சியே தடுக்கின்றன என்றும் காட்டியது. செயற்படும் முறையில் இரு வகையும் நெருங்கியவையே.

இரு கனிமங்களுக்கிடையே உள்ள வேறுபாடு இதனினும் கவனிக்கத்தக்கது. டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா பி கதிரிலும் குறுகிய புற ஊதா ஏ கதிரிலும் வலியது. துத்தநாக ஆக்சைடு ஏறத்தாழ 370 நானோமீட்டர் வரை சீராகத் தடுக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைட்டின் ஒளிவிலகல் எண் மிக உயர்ந்ததாகையால், அது மாநிறத் தோலில் சாம்பல் பூத்தாற்போன்ற வெண்படலத்தை விடுகிறது. துகளை நானோ அளவிற்குச் சிறிதாக்கினால் படலம் மறைகிறது. ஆனால் நீண்ட அலைநீளங்களைத் தடுக்கும் ஆற்றலும் அதனோடு குறைகிறது. படலத்திற்கு அஞ்சி மெல்லியதாகப் பூசினாலும் பாதுகாப்பு குறையும். வெளிர் நிறத்தவருக்கு அழகுச் சிக்கலாக மட்டும் தோன்றும் வெண்படலம், மாநிறத்தவருக்குப் பாதுகாப்புச் சிக்கலாகவே மாறுகிறது.

கூட்டும் நிலைத்தன்மையும்

‘வேதி வகை’ எனப்படும் கரிமச் சேர்மங்களும் ஒரே தன்மையன அல்ல. ஆக்டினாக்சேட்டின் உச்ச உறிஞ்சல் ஏறத்தாழ 310 நானோமீட்டரில் அமைவதால் அது புற ஊதா பி கதிருக்கே உரியது. அவோபென்சோனின் உச்சம் 357 நானோமீட்டரை ஒட்டி அமைகிறது. அது புற ஊதா ஏ கதிருக்கு உரியது. ஆனால் அவோபென்சோன் ஒளி பட்டவுடன் சிதையத் தொடங்கும். ஆக்டினாக்சேட்டோடு சேரும்போது அச்சிதைவு விரைவுபடுகிறது. ஆக்டோகிரைலீனோடோ பெமோட்ரிசினாலோடோ சேர்ந்தால் நிலைபெறுகிறது. ஆகவே உறையில் அவோபென்சோன் என்ற பெயர் இருப்பது மட்டும் போதாது. அருகில் எப்பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

உடலுக்குள் உறிஞ்சப்படுதல்

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 24 பேரிடம் நடத்தி 2019இல் முடிவுகளை வெளியிட்ட சோதனையில், உடற்பரப்பில் முக்கால் பங்கில் நாள்தோறும் நான்கு முறை என நான்கு நாள்கள் பூச்சு பூசப்பட்டது. அவோபென்சோன், ஆக்சிபென்சோன், ஆக்டோகிரைலீன், எக்காம்சூல் ஆகிய நான்கும் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற வரம்பைக் கடந்தன. ஆக்சிபென்சோனின் அளவு ஏனையவற்றைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. அவ்வரம்பு, கூடுதல் நச்சியல் சோதனை தேவையா என்பதை முடிவு செய்வதற்கானது. அதனைக் கடந்தாலே தீங்கு நேரும் என்பது பொருளன்று. அதே ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட முன்மொழிவு, துத்தநாக ஆக்சைடையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் மட்டும் பாதுகாப்பானவை என ஏற்று, 12 பொருள்களுக்குக் கூடுதல் தரவு கேட்டது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆக்சிபென்சோனின் உச்ச அளவை முகப்பூச்சுகளில் 6 விழுக்காடாகவும் உடற்பூச்சுகளில் 2.2 விழுக்காடாகவும் வரையறுத்தது. தடை, அனுமதி என்ற இரண்டிற்கும் இடையே அளவு என்னும் படி இருப்பதை இது உணர்த்துகிறது.

கண்ணுறு ஒளியும் இரும்பு ஆக்சைடும்

2010இல் வெளியான ஆய்வொன்றில் கண்ணுறு ஒளி, நான்காம் வகை முதல் ஆறாம் வகை வரையிலான தோலில் நீடித்த கருமையை உண்டாக்கியது. இரண்டாம் வகைத் தோலில் அத்தகைய மாற்றம் நேரவில்லை. நிறமற்ற பூச்சுகள் இவ்வொளியைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள் கலந்த நிறமேற்றிய பூச்சுகளே இதற்கு உதவுகின்றன. உட்பொருள் பட்டியலில் இவை சி.ஐ. 77491, 77492, 77499 என்னும் எண்களால் குறிக்கப்படுகின்றன. இவை தோல் நிறத்தோடு இயைந்து வெண்படலத்தையும் மறைப்பதால், முன்னர்க் கூறிய சிக்கலுக்கும் ஓரளவு தீர்வாகின்றன.

உறையைப் படித்தல்

அமெரிக்காவில் இப்பூச்சுகள் மருந்தாகக் கருதப்படுவதால், கதிர்தடுப்புப் பொருள்களின் விழுக்காடு உறையில் இடம்பெறுகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இவை ஒப்பனைப் பொருள்கள். இங்கு ஒரு விழுக்காட்டிற்கு மேற்பட்ட பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் பட்டியலிடப்படுகின்றன. அதற்குக் குறைந்தவை எவ்வரிசையிலும் வரலாம். பட்டியலைக் கொண்டு எது மிகுதி என ஊகிக்கலாமேயன்றி, எவ்வளவு என அறிய இயலாது. ஒப்பீட்டின் எல்லையை வேதியியலோடு சட்டமும் வகுக்கிறது.

முடிவுரை

• கனிமம், வேதிப்பொருள் என்னும் பகுப்பு பாதுகாப்பையோ பயனையோ முழுமையாகக் காட்டுவதில்லை.

• எஸ்.பி.எஃப். எண் எரிகாயத்தை அளப்பது. மாநிறத் தோலுக்குப் புற ஊதா ஏ குறியீடும் இரும்பு ஆக்சைடும் அதனோடு சேர்த்து நோக்கத்தக்கன.

• உட்பொருளைத் தனிப் பெயராக அன்றிக் கூட்டில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

• போதிய அளவில் பூச இயலாத பூச்சு, எத்துணை உயர்ந்த எண்ணைக் கொண்டிருந்தாலும் பயன் குன்றியதே.

வெளிர் நிறத் தோலை அளவையாகக் கொண்டு உருவான ஓர் எண், மாநிறத் தோலினரின் தேர்வை இன்றும் வழிநடத்துகிறது. நான்காம் வகைக்கு மேற்பட்ட தோலில், கருமை படர்வதை அளவாகக் கொண்ட சோதனை முறைகள் வகுக்கப்படும்போதே இவ்வொப்பீடு நிறைவு பெறும்.