கழுத்து முள்ளெலும்பும் யந்திரக் கரமும்

உத்தியோக நிமித்தம் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சரோஜினி நகர் புதிய இடமன்று. அங்கிருந்து சிறிது தூரத்தில், சப்தர்ஜங் மருத்துவமனையும், 1956-இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் எதிரெதிரே நிற்கின்றன. ஊரிலிருந்து வைத்தியத்திற்கு வரும் உறவினருக்கு நாம் துணை செல்வது பெரும்பாலும் இவ்விடங்களுக்கே. அப்போது நம் செவியில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "கழுத்தில் ரண சிகிச்சை வேண்டுமாம்; ரோபோ செய்தால் ஆபத்தே இல்லையாமே, மெய்தானா?" அதனைச் சற்று ஆராய்வோம்.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே தண்டுவடம் இறங்குகிறது. இருபுறமும் எலும்புத் துளைகளின் வழியே மூளைக்கு இரத்தம் ஏந்தும் தமனிகள் ஏறுகின்றன. நிலை தவறிய எலும்புகளைப் பிணைக்கும் திருகாணியின் குறுக்களவு ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர். அதற்கு இடந்தரும் எலும்போ சிலரிடம் அதனினும் சற்றே பருமனாயிருக்கும். உட்புறம் வழுவினால் தண்டுவடம். வெளிப்புறம் வழுவினால் தமனி. இத்தகைய இடுக்கில்தான் யந்திரத்தின் உதவி நாடப்படுகிறது.

ரோபோ என்றவுடன் கத்தி பிடித்த இரும்பு மனிதனை எண்ண வேண்டாம். சி.டி. ஸ்கான் படத்தைக் கொண்டு டாக்டர் திருகாணியின் பாதையை முன்னரே வகுக்கிறார். யந்திரக் கரம் அப்பாதைக்கு நேராக ஒரு குழலை அசையாது நிறுத்துகிறது. துளையிடுபவர் டாக்டரே. முதுகெலும்புக்கான இத்தகைய யந்திரத்துக்கு அமெரிக்காவில் 2004-இல் அனுமதி கிடைத்தது. எனினும் அகன்ற இடுப்பு முள்ளெலும்புகளே இதற்கு முதலில் களமாயின. கழுத்தின் முதலிரு எலும்புகளை யந்திரத் துணையுடன் பிணைத்த செய்தியைப் பீக்கிங் நகர மருத்துவர்கள் 2016-இல் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர்.

இனி, எல்லைகளைக் காண்போம். கழுத்து எளிதில் அசையும் உறுப்பு. படம் எடுத்தபின் எலும்பு சிறிது நகர்ந்தாலும், அடையாளக் கருவி தட்டுப்பட்டாலும், யந்திரத்தின் கணக்கு பிழைபடும். அதுவோ பிழையென்று அறியாமலே உறுதியாக நிற்கும். சரிவான எலும்பில் துளைக்கருவி வழுக்குவதும் உண்டு. இவற்றை உணர்ந்து கையை நிறுத்த வேண்டியவர் டாக்டரே.

அன்றியும், இத்துறையின் பெரும் முன்னேற்றங்கள் மனிதக் கரத்தால் விளைந்தவை. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் அதுல் கோயல் முதலிரு எலும்புகளைத் திருகாணியால் பிணைக்கும் முறையை 1994-இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது அவர் பெயருடன் வழங்குகிறது. நம் அண்டையிலுள்ள அகில இந்தியக் கழகத்தின் டாக்டர் சரத் சந்திரா, முன்பு வாய் வழியாகவும் அணுக வேண்டியிருந்த சில குறைகளைப் பின்கழுத்து வழியாகவே சீர்செய்யும் முறையை வகுத்தார்.

திருகாணி செம்மையாகப் பதிந்துவிட்டால் நோயாளி முற்றும் குணமடைவார் என்பதும் இல்லை. நெடுநாள் நசுங்கிய தண்டுவடத்தை எந்த யந்திரமும் புதுப்பிக்காது. தலையைத் திருப்பும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி முதலிரு எலும்புகளின் இடையே உள்ளது. அவற்றைப் பிணைத்தால், கரம் எதுவாயினும், அதனை இழக்கவே நேரும்.

ஆதலின், சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலும், நடை தள்ளாடினாலும், கழுத்தைக் குனிகையில் மின்சாரம் பாய்ந்தாற்போலிருந்தாலும் காலந் தாழ்த்தாமல் டாக்டரிடம் காட்டுக. சிகிச்சை தேவையென்றால், "ரோபோ உண்டா?" என்பதற்கு முன், "இது அவசியந்தானா? தாங்கள் இதனை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? யந்திரம் இடையில் தவறினால் என்ன செய்வீர்கள்?" என்று பணிவுடன் கேளுங்கள். யந்திரத்துக்கெனத் தனிக் கட்டணம் உண்டாயின், அதனால் விளையும் நன்மை யாதென்றும் வினவுங்கள். நிலத்தை அடகு வைத்து ஊரிலிருந்து புறப்படும் உறவினருக்கு, யந்திரத்தின் பெயரைவிட இவ்விடைகளே பெருந்துணையாகும்.