பிரதமருக்கு எழுதினால் பதில் போடுவது யார்?

வங்கிக் கிளை மேல் குற்றம் சொல்லிப் பிரதமருக்கு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது. கையெழுத்து அதே கிளையின் மேலாளருடையது: ‘விசாரித்ததில் புகாருக்கு முகாந்திரம் இல்லை.’ இந்த ரகக் கடிதங்கள் நமக்குத் தொடர்ந்து வருகின்றன. ‘மனு முடித்துவைக்கப்பட்டது’ என்று செய்தி வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். எழுதியவர்கள் பலருக்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டது என்பதால் மனு போகிற வழியை முதலில் பார்த்துவிடுவோம்.

பிரதமர் அலுவலகத்தில் பொதுமக்கள் பிரிவு என்று ஒன்று உண்டு. தபாலில் வந்தாலும் இணையத்தில் வந்தாலும் மனுவுக்கு அங்கே ஒரு பதிவு எண் விழும். பிறகு மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம் வழியாகச் சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்குத் தள்ளிவிடப்படும். அமைச்சகம் துறைக்கு, துறை மண்டலத்துக்கு, மண்டலம் கிளைக்கு. மாநில விவகாரமென்றால் சென்னை வந்து, ஆட்சியர், தாசில்தார் என்று படிப்படியாக இறங்கும். பட்டா தரவில்லை என்று எழுதியவரின் மனு கடைசியில் பட்டா மனுவை முடக்கிய விஏஓவின் மேசையில் போய் உட்காரும். ‘அறிக்கை தருக’ என்று கேட்டால் அவர் தன் மேலேயே குறிப்பு எழுதுவாரா என்ன? அவர் எழுதியதுதான் வந்த வழியே மேலேறி உங்களுக்குப் பதிலாகிறது.

அரசு பெருமையாகச் சொல்வது வேகத்தை. தீர்வுக்கான காலவரம்பு 60 நாளாக இருந்தது. 2021இல் 45, 2022இல் 30, 2024 ஆகஸ்டில் 21 என்று இறங்கியிருக்கிறது. ஆனால் ‘தீர்வு’ என்றால் இங்கே கோப்பு மூடப்பட்டது என்று பொருள். குறை தீர்ந்தது என்றல்ல. கெடு குறையக் குறைய, விசாரிப்பதைவிட மூடுவது எளிதாகிறது.

ஏன் இப்படித் தள்ளிவிடுகிறார்கள் என்று கேட்டால் விதியைக் காட்டுவார்கள். அரசியல் சட்டத்தின் 77ஆவது பிரிவின்கீழ் 1961இல் வந்த அலுவல் ஒதுக்கீட்டு விதிகளில் ஒவ்வொரு துறைக்கும் நீண்ட பட்டியல் உண்டு. பிரதமர் அலுவலகத்துக்கு இருப்பது ஒரே வரி: பிரதமருக்குச் செயலக உதவி அளிப்பது. அந்த வரியின்படி அது ஏறக்குறைய ஒரு தபால் பிரிவு. எந்த அதிகாரியையும் கேள்வி கேட்கும் வேலை அதற்கில்லை.

டெல்லியில் இதை யாரும் நம்புவதில்லை. 1947 ஆகஸ்டில் நேருவுக்காக ‘பிரதமர் செயலகம்’ தொடங்கியபோது அது சிறியதுதான். இணைச்செயலர் நிலையில் ஒருவர் நடத்தினார். 1964இல் சாஸ்திரி, எல்.கே. ஜா என்ற மூத்த ஐ.சி.எஸ். அதிகாரியைச் செயலராக்கினார். அதுவரை அமைச்சரவைச் செயலருக்கு நிகராக அங்கே யாரும் இருந்ததில்லை. இந்திரா காலத்தில் பி.என். ஹக்ஸர் வந்த பிறகு, கொள்கை அங்கே உருவாகி அமைச்சகங்களுக்கு இறங்கத் தொடங்கியது. 1977இல் மொரார்ஜி தேசாய் வெட்டிக் குறைத்தார், ‘செயலகம்’ என்ற பெயரையும் ‘அலுவலகம்’ என்று மாற்றினார். பெயர் நிலைத்தது, குறைப்பு நிலைக்கவில்லை. 1998இல் பிரஜேஷ் மிஸ்ரா முதன்மைச் செயலர், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என இரண்டு நாற்காலிகளிலும் அமர்ந்தார். 2014இல் நிருபேந்திர மிஸ்ராவை முதன்மைச் செயலராகக் கொண்டுவர, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சட்டம் குறுக்கே நின்றது. அவசரச் சட்டம் போட்டு அதையே திருத்தினார்கள். தபால் பிரிவுக்கு ஆள் எடுக்க இத்தனை பாடா!

அங்கிருந்து ஓர் இணைச்செயலர் போனில் கேட்டால் அமைச்சகச் செயலர் கோப்போடு ஓடுகிறார். அந்தப் பேச்சு எந்த விதியிலும் இல்லை, பல நேரம் கோப்பிலும் இருக்காது. முடிவு தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். அலுவலகம் செய்தது ‘செயலக உதவி’ மட்டும். உங்கள் மனு வரும்போதும் அதே வரிதான் கேடயம். ஒரே வரி, அதிகாரத்துக்குத் திரையாகவும் பொறுப்புக்குத் தட்டியாகவும் நிற்பதுதான் இதில் என்னை உறுத்துகிறது.

மற்ற கேள்விகள்.

அமைச்சரவைச் செயலகமும் பிரதமர் அலுவலகமும் ஒன்றா? இல்லை, இரண்டும் பிரதமரின்கீழ் வருபவை, அவ்வளவே.

அமைச்சரவையைக் கூட்டாமலே பிரதமர் முடிவெடுக்க முடியுமா? முடியும், அலுவல் நடைமுறை விதி 12 இடம் தருகிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைக்கும், 2019 நவம்பர் 23 அதிகாலை மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விலக்கவும் அதுதான் பயன்பட்டது. 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு நெருக்கடி நிலைக்கு மட்டும் அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவு கட்டாயம்.

கோர்ட்டில் இருக்கும் வழக்கைப் பற்றி எழுதலாமா? எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தகவல் உரிமைச் சட்டம் செல்லுமா? செல்லும். பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, யார் யார் கைக்குப் போனது, கோப்பில் என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்.

பி.எம். கேர்ஸ் நிதியின் கணக்கை அப்படிக் கேட்கலாமா? அது பொது அதிகார அமைப்பே அல்ல என்பது பிரதமர் அலுவலகத்தின் பதில்.

மேல்முறையீடு எப்படி? முடித்த மனுவுக்குக் கருத்துக் கேட்பார்கள். ‘மோசம்’ என்று குறித்தால் மேல்முறையீட்டுக்கு வழி திறக்கும். அதைப் பார்ப்பவர் மேல்நிலை அதிகாரி.

திரும்பப் பிரதமருக்கே எழுதினால்? புது எண் கிடைக்கும். மனு போகிற வழி பழையதுதான்.