நான்கு மணி நேர வேலை, நாற்பது வருட நடை

கேரள எல்லை மலைகளில் தபால் சுமப்பவர்களுக்கு ஊர் தரும் மரியாதை பெரிது. அரசு தரும் பெயரோ 'சேவகர்'. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆயுள் கழிகிறது.

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் பாலக்காட்டிலிருந்து வண்டியில் அங்கே போக வேண்டுமானால் பொள்ளாச்சிக்கு வந்து, ஆனைமலை, சேத்துமடை தாண்டி, டாப் சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக் காட்டைக் கடந்துதான் போக முடியும். அங்குள்ள புலிகள் காப்பகத்துக்குக் கடிதம் எழுதுபவர்கள் முகவரியில் 'தூணக்கடவு அஞ்சல், வழி பொள்ளாச்சி, பாலக்காடு மாவட்டம், 678 661' என்று குறிப்பிடுவது வழக்கம். கேரள ஊர், கேரள பின்கோடு, தமிழ்நாட்டு வழி.

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலும் கதை இதுதான். மறையூருக்கு உடுமலைப்பேட்டையும் பூப்பாறைக்குப் போடிநாயக்கனூரும் குமுளிக்குக் கம்பமும் பக்கத்து ஊர்கள். மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்யும் குடும்பங்களில் பலவற்றின் வேர்கள் திருநெல்வேலிச் சீமையிலும் மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலும் இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டபோது, துக்கம் விசாரிக்கத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதியிலிருந்து உறவினர்கள் மலையேற வேண்டியிருந்தது.

இப்படி ஒரு பக்கம் உழைப்பும் மறுபக்கம் உறவுமாகப் பிரிந்து கிடக்கும் சமூகத்தைப் பல பத்தாண்டுகள் சேர்த்துக் கட்டியது தபால்தான். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், மாதம் தவறாத மணியார்டர் எல்லாம் தபால் பையில்தான் வந்தன. அந்தப் பையைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நிரந்தர அரசு ஊழியர்கள் அல்ல என்பது ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாத செய்தி.

மலைகளில் தபால் சுமக்கும் மரபு பழையது. இன்றைய இடுக்கி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் 'அஞ்சல்' என்ற பெயரில் சொந்தத் தபால் இருந்தது. மணி கட்டிய கோலுடன் அஞ்சலோட்டக்காரர் ஓடிவந்தால் ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். பாலக்காடோ பிரிட்டிஷ் மலபாரின் பகுதி. அங்கே ஆங்கிலேயர் தபால் நடந்தது. 1951-ல் சமஸ்தான அஞ்சல் இந்தியத் தபாலுடன் இணைந்தது. 1956 நவம்பரில் இரு பகுதிகளும் ஒரே கேரளமாயின. கோலும் மணியும் போய்விட்டன. நடை மட்டும் போகவில்லை.

அந்த நடையை இன்று நடப்பவருக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'கிராமின் டாக் சேவக்'. பழைய ஆட்களுக்கு இவர் 'இ.டி.' ஊழியர், அதாவது 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்', இலாகாவுக்கு வெளியே நிற்பவர். முழுநேர ஊழியரை நியமிக்கும் அளவுக்கு வேலை இல்லாத கிராமங்களில், வேறு வருமானம் உள்ள உள்ளூர்வாசி ஒருவரிடம் தபாலை ஒப்படைக்கும் ஏற்பாடு இது. வாத்தியாரோ கடைக்காரரோ ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வார் என்பது கணக்கு. வெள்ளைக்காரர் காலத்து அந்தக் கணக்கின்மேல்தான் உலகின் மிகப் பெரிய தபால் வலைப்பின்னல் இன்றும் நிற்கிறது. 2018-ல் மத்திய அரசு தந்த புள்ளிவிவரப்படி 1,29,346 கிளை அஞ்சலகங்கள் இவர்களை நம்பி நடந்தன. ஊழியர்கள் மூன்று லட்சம் பேர்.

விதிகளைப் படித்தால் இந்த வேலையின் விசித்திரம் புரியும். தினமும் அதிகபட்சம் 5 மணி நேரம். பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும். கிளை அஞ்சலக அதிகாரியானால் அலுவலகத்துக்கான இடத்தை அவரே ஏற்பாடு செய்ய வேண்டும். எனவே பல ஊர்களில் வீட்டுத் திண்ணையோ முன்னறையோதான் தபாலாபீஸ். லீவு போட்டால் தன் பொறுப்பில் மாற்று ஆளைத் தேடித் தர வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. 65 வயதில் விடை கொடுத்துவிடுவார்கள். வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. 1998 முதல் அது 'நேரத்தோடு இணைந்த தொடர்ச்சிப் படி'. படி என்ற அந்தச் சொல்லில்தான் இவர்களின் மனத்தாங்கல் அத்தனையும் அடங்கியிருக்கிறது.

காகிதத்தில் உள்ள மணிக் கணக்கு மலைக்குப் பொருந்துவதில்லை. கிளை அஞ்சலகத்தின் வேலைப்பளு தபால், பணப் பரிவர்த்தனை, கணக்குகள் ஆகியவற்றை வைத்து அளக்கப்படுகிறது. சமவெளியில் பத்துக் கடிதம் ஒரு தெருவோடு முடிந்துவிடும். தேயிலைத் தோட்டத்தில் அதே பத்துக் கடிதம் மூன்று டிவிஷன்களில், ஒன்றுக்கொன்று மலைச்சரிவு தள்ளிய லயங்களில் சிதறிக் கிடக்கும். மழைக்காலத்தில் அட்டை, வருஷம் முழுக்க யானை. 2023 ஏப்ரலில் சின்னக்கானல் பகுதியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பனைப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. அப்படிப்பட்ட வழிகளில் தபாலுடன் போகிறவரின் நான்கு மணி நேரம் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது.

மலையில் தபால் நடத்தினால் நஷ்டம் என்பது இலாகாவுக்கும் தெரியும். சாதாரண கிராமத்தில் புதிய கிளை திறக்க, செலவில் மூன்றில் ஒரு பங்காவது வருமானம் வர வேண்டும் என்பது விதிமுறை. மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு 15 சதவீதம் வந்தாலே போதும். லாபத்தைப் பார்க்காமல் கடைசிக் குடிசை வரை தபால் போக வேண்டும் என்று ஓர் அரசு தீர்மானித்தது பெரிய விஷயம். அந்தத் தாராளம் இல்லாவிட்டால் பரம்பிக்குளத்துக்கோ நெல்லியாம்பதிக்கோ அட்டப்பாடிக்கோ எந்தத் தனியார் கம்பெனியும் ஒரு ரூபாய்த் தபாலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்காது. ஊரின் நிலப்பரப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இந்த நியாயம், ஊழியரின் நேரத்தை அளக்கும்போது காணாமல் போய்விடுகிறது என்பதுதான் குறை.

நீதிமன்றப் படிகளில் இந்தக் கேள்வி ஏறியபோதெல்லாம் கேரளம் முன்னால் நின்றிருக்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜம்மா வழக்கு கேரளத்திலிருந்து போனது. இ.டி. ஊழியர் தற்காலிகக் கூலியாள் அல்ல, மத்திய அரசின் கீழ் 'சிவில் பதவி' வகிப்பவர். விசாரணை இல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஊழியர்கள் கொண்டாடிய தீர்ப்பு அது. ஆனால் வேலையிலிருந்து நீக்குவதற்கு எதிரான காப்பு கிடைத்ததே தவிர, நிரந்தர ஊழியரின் சம்பளமோ பென்ஷனோ கூடவே வரவில்லை. 1997-ல் நீதிபதி தல்வார் கமிட்டி இவர்களுக்குச் சாதகமாகப் பல பரிந்துரைகளைச் செய்தது, நிறைவேறியவை கொஞ்சம்.

2016-ல் மற்றொரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமிய ஊழியர் தபால்காரராக நியமிக்கப்படுவது பதவி உயர்வு ஆகாது, அது நேரடி நியமனமே என்றது. காரணம் எளிது: இவர் ஏணியின் கீழ்ப்படியில் நிற்கவில்லை, ஏணிக்கு வெளியே நிற்கிறார். பதவி உண்டு, ஆனால் பணித்தொகுதியில் இடம் இல்லை. இருபது வருடம் ஒரே பையைச் சுமந்தவர் சீருடைத் தபால்காரராக வேண்டுமானால் பரீட்சை எழுதித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

பரீட்சையிலும் சிக்கல் உண்டு. 2019 ஜூலையில் தமிழ்நாட்டில் தபால்காரர் உள்ளிட்ட பணிகளுக்கான தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடந்தது. மாநிலங்களவையில் அமளி எழுந்த பிறகு மத்திய அமைச்சர் அதை ரத்து செய்தார். எல்லைப் பகுதியில் மொழிப் பிரச்சினை வேறு மாதிரி. கேரள வட்டத்தின் கிராமிய அஞ்சல் வேலைக்குப் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் படித்திருக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ் வழிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, தன் லயத்துக்கு வரும் தமிழ்க் கடிதத்தைக் கொடுக்கும் வேலையே எட்டாமல் போகலாம்.

ஊதியத்தில் மாற்றமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2018 மே 22 அன்று நாடெங்கும் கிராமிய ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கமலேஷ் சந்திரா கமிட்டி 2016-லேயே தந்த அறிக்கை தூங்கிக்கொண்டிருந்ததுதான் கோபத்துக்குக் காரணம். பல கிராமங்களில் தபாலாபீஸ் இருப்பதே அது மூடிக்கிடந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. ஜூன் 6 அன்று அமைச்சரவை புதிய விகிதத்தை ஏற்றது: உதவியாளருக்குக் குறைந்தபட்சம் மாதம் 10,000, ஐந்து மணி நேரமானால் 12,000, கிளை அதிகாரிக்கு 12,000, அல்லது 14,500, அகவிலைப்படி தனி. முன்பு வாங்கியதோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். 2020-ல் கொரோனாவால் பணியில் இறந்தால் நிரந்தர ஊழியருக்கு அறிவித்த அதே 10 லட்சம் ரூபாய் இவர்களுக்கும் உண்டு என்று அரசு சொன்னது.

ஆனாலும் 2023 டிசம்பர் 12-ல் மீண்டும் வேலைநிறுத்தம். கோரிக்கைகள் பழையவையே: எட்டு மணி நேர வேலை, பென்ஷன், பணிமூப்புக்கேற்ற உயர்வு. 2024 மார்ச்சில் 12, 24, 36 வருடப் பணிக்கு மூன்று கட்ட நிதி உயர்வு அறிவிக்கப்பட்டது. தொகை முறையே ஆண்டுக்கு 4,320, 5,520, 7,200 ரூபாய். முப்பத்தாறு வருட அனுபவத்தின் கடைசிப் படிக்கட்டு மாதம் 600 ரூபாய் என்று வகுத்துப் பார்க்க யாருக்கும் கால்குலேட்டர் தேவையில்லை.

வேலையோ நாலாபக்கமும் வளர்ந்துவிட்டது. 2017 கடைசியில் தொடங்கிய 'தர்பன்' திட்டத்தில் கிளை அஞ்சலகங்களுக்குக் கைக்கருவி வந்தது. மலை மடிப்பில் சிக்னல் எந்தப் பாறை மேல் கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதும் வேலையில் சேர்ந்துகொண்டது. 2018 செப்டம்பரில் தபால் வங்கி வந்தது. விரல் ரேகை வைத்து வீட்டு வாசலிலேயே பணம் கொடுக்கலாம் என்பது நடக்க முடியாத கிழவருக்கு வரப்பிரசாதம். கூடவே சேமிப்புக் கணக்கு, செல்வமகள் திட்டம், கிராமிய ஆயுள் காப்பீடு என்று மேலிடத்திலிருந்து இலக்குகள் வந்தபடி இருக்கும். தான் பிறந்து வளர்ந்த ஊரில் தனக்குத் தெரிந்தவர்களையே பாலிசி எடுக்கச் சொல்லி மாதாமாதம் கேட்க வேண்டிய சங்கடத்தை எந்தப் படியும் ஈடுகட்டாது.

பின் ஏன் விடாமல் இருக்கிறார்கள்? கிராமத்து உத்தியோகங்களில் இவ்வளவு நம்பிக்கை வேறு எதற்கும் கிடைப்பதில்லை என்பது ஒரு பதில். பாஸ்புக்கை இவரிடமே விட்டுவைப்பார்கள். வெளியூர்ப் பிள்ளை அனுப்பிய பணம் எவ்வளவு, எந்த வீட்டுக்கு வங்கி நோட்டீஸ் வந்தது, யார் வீட்டுக் கடிதத்தை யார் கையில் கொடுக்கக் கூடாது எல்லாம் இவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காதவர் என்பதால்தான் மரியாதை. தோட்டத்துப் பின்கோடுகளும் லயங்களும் மனப்பாடம். சொந்த ஊரை விட்டு நகராமல் அரசு முத்திரையுடன் வாழக் கிடைத்த வாழ்க்கை அது.

ஊரையும் தாண்டி அந்த மரியாதை எப்போதாவது எட்டிப் பார்க்கும். இதே மலைத்தொடரில் நீலகிரிப் பக்கம், குன்னூர்க் காட்டுப் பாதைகளில் தினமும் 15 கிலோமீட்டர் நடந்து தபால் கொடுத்த டி.சிவன் 2020-ல் ஓய்வுபெற்றார். யானையும் கரடியும் துரத்திய அவருடைய கதையை ஐ.ஏ.எஸ். அதிகாரி சுப்ரியா சாகு ட்விட்டரில் எழுத, நாடே கைதட்டியது. தெற்கே பொதிகை மலையில், பாபநாசம் மேலணைப் பகுதியின் கிளை அஞ்சலக ஊழியர் கிறிஸ்துராஜா, நூறு வயதைக் கடந்த ஒரு காணிப் பழங்குடி மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகையைக் கொடுக்க நீர்த்தேக்கத்தைக் கடந்து காட்டில் நடந்து போய்வருவது பத்திரிகைகளில் வந்தது.

அந்த மூதாட்டிக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அதைச் சுமக்கும் கிராமிய ஊழியருக்கு, 65 வயதில் பையை இறக்கிவைத்த பிறகு, நிரந்தர ஊழியரைப் போலப் பென்ஷன் கிடையாது. ஒரு மொத்தத் தொகையும், பணிக்காலத்தில் மாதாமாதம் சேர்ந்த ஒரு சிறு நிதியும்தான் மிச்சம்.

அரசுத் தரப்பிலும் வாதம் இல்லாமலில்லை. கடிதங்கள் குறைந்துவிட்டன. 2025-ல் பதிவுத் தபாலே ஸ்பீடு போஸ்டில் கரைந்துவிட்டது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு முழுச் சம்பளமும் பென்ஷனும் தர நஷ்டத்தில் ஓடும் இலாகாவால் முடியுமா என்று கேட்கிறார்கள். ஆனால் வேலை குறைந்துவிட்டது என்றால் புதிய வேலைகளும் இலக்குகளும் ஏன் வந்துகொண்டே இருக்கின்றன என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

நகரங்களில் சாப்பாடும் சாமானும் கொண்டுவரும் இளைஞர்களைக் கம்பெனிகள் 'பார்ட்னர்' என்று அழைக்கின்றன. ஊழியர் என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்க்கின்றன. புதிய தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அதை அரசாங்கம் செய்துவிட்டது. 'சேவகர்' என்ற பெயர் இன்னும் கௌரவமாக ஒலிக்கிறது, அவ்வளவுதான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்த 'பார்ட்னர்'களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அரசே தன் சேவகருக்கு என்ன பெயர் வைக்கப்போகிறது என்பதற்கான பதிலுக்கு, மலைமேல் இருப்பவர்கள் இன்னும் தபாலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.