லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி

மேற்கு மாம்பலத்தில் வீடு தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: காலையில் தெருத்தெருவாக நடங்கள். கேட்டில் தொங்கும் ‘டு-லெட்’ அட்டையும் இஸ்திரி வண்டிக்காரர் சொல்லும் தகவலும் போதும். புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகை மிச்சம். என் மகளுக்கு இப்படித்தான் கிடைத்தது. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி, அதனாலேயே வாடகை குறைவு. மாம்பலம் ரயில் நிலையம், காய்கறிக் கடை, அயோத்தியா மண்டபம் எல்லாம் நடக்கும் தூரம். வண்டியே வேண்டாம்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் தயங்காமல் பேசுங்கள். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தாலொழிய, 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. கையெழுத்துப் போடுமுன் கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, கோடையில் தண்ணீர் வருமா என்று பக்கத்துக் குடித்தனக்காரரிடம் விசாரியுங்கள்.