எழுதத் தெரியாமல் எழுத்தாளர் ஆனவர்

ஒருவருக்கு எழுதவே தெரியாது. ஆனாலும் அவர் பெயரில் புத்தகம் வந்தது. எப்படி? யோசித்துக்கிட்டே படியுங்க.

அவர் பெயர் வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர், சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர். தமிழில் நாவல் எழுதிய ஆரம்பகாலப் பெண்களில் ஒருவர். ஐந்தரை வயசில் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது! நம்ம ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க. பிறகு 1929-ல் வந்த சாரதா சட்டம்தான் பெண்ணுக்கு 14 வயசாவது ஆகணும் என்றது. அதுவும் என் வயசுதான். 18 என்று மாறியது 1978-ல்.

பள்ளிக்கூடம் போகாததால் அவருக்குத் தமிழ் எழுத வராது. ஆனால் கதை சொல்ல வரும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொந்தமாகக் கதை கட்டிச் சொல்வாராம். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்குக் கூட்டிப்போவார். பார்த்துப் பார்த்து, நாமும் ஒன்று எழுதலாமே என்று அவருக்கு ஆசை வந்தது. கோதைநாயகி வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். அதுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1924-ல் அச்சாகி வந்தது.

எனக்கு இதிலே ரொம்பப் பிடிச்சது அந்தப் பட்டம்மாளைத்தான். அவங்க உட்கார்ந்து எழுதலைன்னா கதை காத்தோட போயிருக்கும். எங்க பாட்டியும் கைநாட்டுதான். ஆனால் தறி வேலை முடிஞ்சு ராத்திரி கதை சொல்ல ஆரம்பிச்சா, பாதி தமிழ், பாதி தெலுங்கு, சாப்பாடு ஆறிப்போறது கூடத் தெரியாது. போன மாசத்திலிருந்து அதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கிறேன். தெலுங்குப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதறதுதான் கஷ்டம்.

கோதைநாயகி அதோடு நிற்கவில்லை, தானே எழுதக் கற்றுக்கொண்டார். 1925-ல் 'ஜகன்மோகினி' என்ற மாதப் பத்திரிகையை வாங்கி நடத்தினார். தன் 'வைதேகி' நாவலை அதில் தொடராக எழுதினார். தொடர் என்றால் அடுத்தது என்ன என்று தெரிய ஒரு மாசம் காத்திருக்கணும். அதற்காகவே பத்திரிகை விற்குமாம். ஏறக்குறைய 35 வருஷம் அதை நடத்தி, மொத்தம் 115 நாவல் எழுதினார். துப்பறியும் கதையும் உண்டு. 'நாவல் ராணி' என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

அதே 1925-ல் காந்தியடிகளைச் சந்தித்தார். அன்றிலிருந்து பட்டும் நகையும் விட்டுக் கதர் உடுத்தினார். மேடையில் பேசுவார், நன்றாகப் பாடவும் செய்வார். கள்ளுக்கடை மறியலுக்காகச் சிறைக்குப் போனார். மத்தவங்களா இருந்தா அழுதிருப்பாங்க. இவர் சிறையிலேயே 'சோதனையின் கொடுமை' நாவலை எழுதினார்! வெளியே பத்திரிகை நிற்காமல் கணவர் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கணவர் என்பதும் ஆச்சரியம்தான்.

1960-ல் அவர் காலமானார். 1966-ல் அவருடைய 'தயாநிதி' நாவல் 'சித்தி' என்ற சினிமாவாக வந்தது. பத்மினி நடித்தது. தம்பியை டாக்டருக்குப் படிக்கவைக்க, அக்கா வயசானவரைக் கட்டிக்கொள்கிறாள். அந்த அக்காவைப் படிக்கவைக்க யாருமே இல்லையா என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த தடவை டிவியில் 'சித்தி' போட்டால், இது யார் எழுதின கதை தெரியுமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி